டாஷ்போர்டுக்கு அடியில் ஒரு சுவிட்ச்

1

டிக்.

அவ்வளவுதான் சத்தம். தீப்பெட்டி அளவுள்ள ஒரு கறுப்புப் பெட்டிக்குள் இரும்பு நாக்கு ஒன்று எழுந்து இன்னோர் இரும்பைத் தொடுகிற சத்தம். ரிலே என்பார்கள். சுவிட்சிலிருந்து வருகிற துளி மின்சாரத்தை வாங்கிக்கொண்டு, பேட்டரியிலிருந்து விளக்குக்குப் பெரிய மின்சாரத்தைத் திறந்துவிடுகிற வாசல்காரன். பெர்த்திலிருந்து இரண்டு மணி நேரம் உள்ளே, கோதுமைக்கு நடுவில் யாரோ மறந்து வைத்துவிட்டுப் போனதுபோல் இருக்கிற எங்கள் ஊரில், மகளின் வண்டிக்குள் தலையை பிரேக் மிதிக்குப் பக்கத்திலும் கால்களை வாசலுக்கு வெளியிலும் நீட்டி மல்லாந்து கிடந்தபோது அந்த டிக் கேட்டது. கேட்டதும் பனச்சமூடு மொத்தமாக வந்து இறங்கியது. பஸ் ஹாரன், நேந்திரன் வறுக்கிற எண்ணெய், வயர் கருகுகிற மணம், அளியன் செல்வதாஸின் இருமல்.

செல்வதாஸ் என் மனைவி மேபலின் அண்ணன். அதற்கு முன்பே பள்ளிக்கூடத்தில் என் பெஞ்சுக்காரன். எங்கள் தமிழ்நாடு-கேரள எல்லைப்பக்கத்தில் மச்சானை அளியா என்போம். அவன் என்னையும், நான் அவனையும். பனச்சமூட்டில் ஜீப்புகளுக்கு வயரிங் செய்கிறான். நான் பாறசாலைக்காரன். ஒரு நர்ஸின் கணவன் என்ற ஒரே தகுதியில் ஆஸ்திரேலியாவுக்குள் விடப்பட்டவன். விண்ணப்பத்தில் என் பெயருக்கு எதிரே 'சார்ந்திருப்பவர்' என்று அச்சடித்திருந்தது. இந்த மாதத்தோடு இருபது வருடம். இன்னும் சார்ந்துதான் இருக்கிறேன். சாராத நேரத்தில் கோதுமைக் கிடங்கில் லாரிகளை எடை போடுகிறேன்.

என் தோளில் எச்சில் வடித்துத் தூங்கியபடி விமானம் இறங்கிய ஜெசிக்கு இப்போது இருபத்து மூன்று. டீச்சர் வேலை கிடைத்திருக்கிறது. வடக்கே பத்து மணி நேரத் தொலைவில் ஒரு பள்ளிக்கூடம், ஒரு பெட்ரோல் பங்கு, மீதி எல்லாம் செம்மண். அந்த மண்ணுக்காகப் பழைய ஃபோர் வீல் டிரைவ் ஒன்றை, என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல், வேறு மாநிலத்துக்காரரிடமிருந்து வாங்கியிருந்தாள். வேறு மாநில வண்டி என்பதால் பரிசோதனையில் பாஸானால்தான் இங்கே நம்பர். பரிசோதனை வியாழக்கிழமை. கிளம்புவது சனிக்கிழமை. திங்களன்று வகுப்பில் நிற்க வேண்டும்.

"முன்னால ரெண்டு பெரிய லைட் வேணும்ப்பா. கங்காரு குறுக்க சாடும். எலக்ட்ரீஷியனுக்குச் சொல்லியாச்சு."

"வேண்டாம்ணு சொல்லு. நான் செய்யுதேன்."

"உனக்குத் தெரியுமா?"

மரியாதை விகுதிகளை அவள் சிங்கப்பூரில் விமானம் மாறும்போதே தொலைத்துவிட்டாள். அதை விடுங்கள். பனச்சமூட்டில் விடுமுறை முழுக்க ஜீப்புக்கு அடியில் கிடந்தவனைப் பார்த்து, உனக்குத் தெரியுமா! அந்தக் கேள்விதான் எல்லாவற்றையும் கெடுத்தது.

2

எங்கள் எல்லை வயரிங்கைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

பனச்சமூடு சந்திப்பில் ஒரு பக்கம் கேரளம், ஒரு பக்கம் தமிழ்நாடு. நடுவில் வேலி இல்லை, கோடு இல்லை; இந்தப் பக்கம் சாயா குடித்தவன் அந்தப் பக்கம் போய்க் காறித் துப்பலாம். செல்வதாஸின் கடை வாசல் கேரளத்தில் திறக்கும். எதிரே இருக்கிற புளியமரம் தமிழ்நாடு. மலைக்கு ஆள் ஏற்றுகிற ஜீப்புகளுக்கெல்லாம் கூடுதல் லைட் வேண்டும். கூடுதல் லைட் வைத்தால் அபராதம். ஆகவே கேரள வண்டி ஆபீசர்கள் வருகிறார்கள் என்று தகவல் வந்தால், வேலையில் இருக்கிற ஜீப்பை நாலு பேர் சேர்ந்து தள்ளிப் புளியமரத்தடிக்குக் கொண்டுபோவோம். தமிழ்நாட்டு ஆபீசர்கள் வந்தால் மறுபடி கடைக்குள். ஒரே நாளில் மூன்று முறை மாநிலம் மாறிய ஜீப்புகள் உண்டு. டீசல் செலவே கிடையாது.

ரோட்டில் பிடிபட்டால் அதற்கு வேறு வித்தை. லைட்டை மறைக்க முடியாது. சுவிட்சை மறைக்கலாம். சீட்டுக்கு அடியில், சாம்பல் கிண்ணத்துக்குப் பின்னால், ஃபியூஸ் பெட்டி மூடிக்குள். இயேசு படம் ஒட்டிய வண்டியில் படத்துக்குப் பின்னால், பிள்ளையார் இருக்கிற வண்டியில் பீடத்துக்கு அடியில். ஒரு டிரைவர் பயபக்தியோடு பிள்ளையாரைத் தொட்டுக் கும்பிட்டதும் வெள்ளறடை மலை பாதிக்கு வெளிச்சமானதை நானே பார்த்திருக்கிறேன். ஆபீசர் கேட்டால் சொல்ல வேண்டிய மந்திரமும் ஒன்று உண்டு, எல்லையின் இரண்டு மொழியிலும் புரிகிற மாதிரி:

"பங்கிக்கு வச்சதாக்கும் சாரே. கனெக்ஷன் இல்ல."

பங்கி என்றால் அழகு. அழகுக்கு அபராதம் குறைவு. ஆபீசர் டாஷ்போர்டு முழுக்கத் தடவிப் பார்ப்பார். ஹாரன் அடிக்கும், வைப்பர் ஆடும், லைட் மட்டும் எரியாது. "பங்கியா? உன் மூஞ்சிக்கு இல்லாத பங்கியா வண்டிக்கு?" என்று கேட்டுவிட்டுப் போய்விடுவார்.

இதெல்லாம் நேற்றைய கதை இல்லை. செல்வதாஸ் போன வாரம்கூடப் புளியமரத்துக்கு ஒன்றைத் தள்ளியிருக்கிறான். தள்ள ஆள் கிடைப்பதில்லை என்பதுதான் அவனுடைய இப்போதைய குறை.

3

செவ்வாய், புதன் இரண்டு மாலையும் வேலை. இங்கே ஐந்தரை என்றால் பனச்சமூட்டில் மூன்று மணி. செல்வதாஸ் சோற்றுக் கையோடு வீடியோவில் வந்தான்.

"எலே அளியா, போன அனக்காம, ஆடாம பிடி. ஒனக்க மூக்கு மட்டும்தான் தெரியுது. எனக்கு ரிலேயக் காட்டு."

காட்டினேன். ரிலேயின் நாலு கால்களுக்கும் எண் உண்டு. உலகம் முழுக்க ஒரே எண்.

"முப்பதுல பேட்டரி, ஃபியூஸ் வழியாட்டு. எண்பத்தேழுல லைட்டு. எண்பத்தஞ்சு பாடில எர்த்து. எண்பத்தாறு சுவிட்சு. மறக்காத."

எப்படி மறக்கும்? எங்கள் மிஷன் கோயிலில் பீடத்துக்குப் பக்கத்தில் ஒரு பலகை தொங்கும். அன்றைக்குப் பாட வேண்டிய பாட்டுகளின் எண்களைச் செருகி வைத்திருப்பார்கள். முப்பது, எண்பத்தைந்து, எண்பத்தாறு, எண்பத்தேழு. உபதேசியார் பலகையில் செருகினதைப்போல மனதில் செருகிக்கொண்டேன். வாழ்க்கையில் முதல்முறையாக ஓர் ஆராதனை ஒழுங்கு எனக்கு உபயோகப்பட்டது.

சுவிட்சுக்கு இடம் தேட வேண்டிய சிரமமே இருக்கவில்லை. கை தானாகவே டாஷ்போர்டுக்கு அடியில், ஃபியூஸ் பெட்டிக்குப் பின்னால் போயிற்று. நேர் எதிரே, ஸ்டீயரிங்குக்குப் பக்கத்தில், சுவிட்ச் வைப்பதற்கென்றே இரண்டு வெற்று மூடிகளைக் கம்பெனிக்காரன் விட்டு வைத்திருந்தான். அவற்றை நான் பார்க்கவே இல்லை என்று சொன்னால் நம்புவீர்களா? கண் பார்த்தது. கைக்குத் தகவல் போகவில்லை.

இனி ஒரு பாவ அறிக்கை. சுவிட்சுக்குப் போகிற வயரோடு மெல்லிசாக இன்னொரு வயரையும் முறுக்கிச் சேர்த்தேன். அது டாஷ்போர்டின் மறுபக்கக் கையுறைப் பெட்டிக்குப் பின்னால் போய், ரப்பர் அழிப்பான் அளவுள்ள ஒரு சாமானில் முடிந்தது. டிராக்கர். வண்டி எங்கே நிற்கிறது என்று என் போனில் ஒரு நீலப் புள்ளி காட்டும். கங்காருவுக்கு லைட் உண்டு. எனக்கு என்ன உண்டு? பத்து மணி நேரச் செம்மண்ணில் பெண் தனியாகப் போகிறாள். அவளிடம் சொல்லவில்லை. செல்வதாஸிடம் சொன்னேன்.

"எலே, வேண்டாம்லே," என்றான். "இங்க ஜீப்பு மொதலாளி ஒருத்தன் டிரைவர நம்பாம இதை வச்சான். டிரைவர் கண்டுபிடிச்சுக் கழற்றி, பூவார்ல ஒரு டூரிஸ்ட் படகுல ஒட்டிப்போட்டான். மொதலாளி போனப் பாத்தா ஜீப்பு, ஆறு கடல்ல சேருத பொழிமுகத்துல மிதக்குது. ஒரு நாளு மூணு ட்ரிப்பு. சுத்திச் சுத்தி வருது. ஆளு நெஞ்சுவலி வந்து கெடந்தான்."

"ஜெசி அப்படிச் செய்ய மாட்டா."

"அவ எனக்க தங்கச்சி மகளாக்கும். படகு இல்லாட்டி கங்காருல ஒட்டுவா. போவட்டும், அங்க டவர் உண்டா?"

யோசித்தேன். டவர் இல்லை. பாதி வழிக்கு மேல் போன் சிக்னலே கிடையாது. சிக்னல் இல்லாத இடத்தில் நீலப் புள்ளியும் இல்லை. இருந்தாலும் வைத்தேன். எரிகிற விளக்கைவிட மறைத்து வைத்த வயர் ஏனோ எனக்கு அதிக தைரியம் தருகிறது.

வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த மேபல் ஷெட் வாசலில் நின்று என் கால்களிடம் பேசினாள். "லைட்டுதான் வைக்கீங்களா, இல்ல அந்த வண்டிக்குள்ள குடியிருக்கப் போறீங்களா?"

கால்களை இன்னும் கொஞ்சம் உள்ளே இழுத்துக்கொண்டேன்.

4

வியாழக்கிழமை. பரிசோதனை நிலையம். அரைக்கால் சட்டையும் காதில் செருகிய பென்சிலுமாக ஒரு பெரியவர். வண்டியைச் சுற்றி வந்தார், டயரை உதைத்தார், ஜெசியிடம் புது வேலைக்கு வாழ்த்துச் சொன்னார். எல்லாம் சுமுகம். பிறகு முன்னால் நின்று என் இரண்டு பெரிய விளக்குகளைப் பார்த்தார்.

"நல்ல லைட். இதுக்கு சுவிட்ச் எங்கே?"

சத்தியமாகச் சொல்கிறேன், அந்த மனிதர் என்னை மிரட்டவில்லை. சிரித்துக்கொண்டுதான் கேட்டார். ஆனால் கையில் அட்டை பிடித்த ஒருவர் கூடுதல் லைட்டைக் காட்டி சுவிட்ச் எங்கே என்று கேட்டதும், என் முதுகெலும்பில் இருபது வருடமாகத் தூங்கிக்கிடந்த ஏதோ ஒன்று எழுந்து, ஆங்கிலத்தில் சொல்லிற்று:

"அது அழகுக்கு வைத்தது சார். கனெக்ஷன் கிடையாது."

ஜெசி திரும்பி என்னைப் பார்த்தாள். பெரியவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார்.

"அழகுக்கா?"

"அழகுக்கு மட்டும்."

"பொருத்தியிருக்கிற விளக்கு எரிய வேண்டும், நண்பரே. எரியாவிட்டால் பாஸ் இல்லை." அட்டையில் ஒரு பெருக்கல் குறி போட்டார்.

அடடா! லைட் எரிந்தால் பிடிக்கிற ஊரிலிருந்து லைட் எரியாவிட்டால் பிடிக்கிற ஊருக்கு வந்திருக்கிறேன். இருபது வருடமாக அந்தத் தகவலை யாரும் சொல்லவில்லை.

"அப்பா," என்றாள் ஜெசி. "நேத்து எரிஞ்சுதே? அம்மாவுக்குக் காட்டினியே?"

வேறு வழியில்லை. அரைக்கால் சட்டைப் பெரியவர் முன்னிலையில் மண்டியிட்டு, டாஷ்போர்டுக்கு அடியில் தலையை விட்டு, கையை விட்டு, தடவித் தடவி, டிக். எதிர்ச் சுவர் வெள்ளையாகப் பற்றிக்கொண்டது. பெரியவர் கையால் கண்ணை மறைத்துக்கொண்டு கேட்டார்:

"இதை ஏன் மறைத்தீர்கள்?"

பனச்சமூட்டையும் புளியமரத்தையும் பிள்ளையாரையும் ஆங்கிலத்தில் வரிசையாக அடுக்கிப் பார்த்தேன். நிற்கவில்லை. "பழக்கம்," என்றேன்.

முதல் பெருக்கல் குறியை அடித்துவிட்டுப் புதிதாக மூன்று போட்டார். ஓட்டுபவர் இருக்கையிலிருந்து சுவிட்ச் எட்டவில்லை. நாங்கள் 'டிம்' என்கிற தாழ்ந்த வெளிச்சத்தில் ஓட்டும்போதும் இந்த விளக்குகள் எரிகின்றன; 'பிரைட்' போட்டால் மட்டுமே எரிய வேண்டும், எதிரே வருகிறவருக்குக் கண் இருக்கிறதல்லவா? மூன்றாவது, நேராக இருக்கக் கற்றுக்கொள்ளாத ஒரு தகப்பன். இல்லை, அதை அவர் எழுதவில்லை. மூன்றாவது, இன்ஷுலேஷன் டேப் சுற்றின லட்சணம்.

"நாளைக்கு மூன்று மணிக்கு ஓர் இடம் இருக்கிறது," என்றார் ஜெசியிடம். "அதை விட்டால் அடுத்த புதன்கிழமை."

அடுத்த புதன் என்றால் வேலையில் சேர்கிற நாளே போயிற்று. திரும்பி வரும் வழியில் நான் இரண்டு தடவை தொண்டையைக் கனைத்தேன். அவள் ரேடியோ போட்டாள். கோதுமை விலை நிலவரம். இருவரும் கவனமாகக் கேட்டோம்.

5

அன்று சாயங்காலம் ஷெட்டில் அவள் உள்ளே படுத்திருந்தாள். நான் வெளியே டார்ச் பிடித்தேன். செல்வதாஸ் ஒரு பெயின்ட் டப்பா மேல் சாய்த்து வைத்த போனில் இருந்தான்.

"மாமா, பிரைட் வயர் எது? நீலமா?"

"மக்கா, ரெண்டு ஹெட்லைட் வயரயும் டெஸ்டர் வச்சுப் பாரு. பிரைட் போட்டா மட்டும் எரியுத வயராக்கும். அதுல இருந்து சுவிட்சு, சுவிட்சுல இருந்து எண்பத்தாறு. ஒனக்க அப்பன் பேட்டரில இருந்து நேரா எடுத்திருப்பான். அதைக் கழட்டி எறி."

"மாமாதான சொல்லிக் குடுத்தீங்க?"

"நான் பனச்சமூட்டுக்குச் சொன்னேன். ஊருக்கு ஊரு எர்த்து வேற."

அவள் சிரித்தாள். வியாழக்கிழமையின் முதல் சிரிப்பு. எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. அப்போதுதான் நினைவு வந்தது, பேட்டரி வயரைக் கழற்ற அவள் அதைப் பிடித்துக்கொண்டே போவாள், போனால்...

"அப்பா, இதுல இன்னொரு வயர் சுத்தியிருக்கு."

அவள் கை கையுறைப் பெட்டிக்குப் பின்னால் போனது. டேப் கிழிகிற சத்தம். வெளியே வந்தாள். உள்ளங்கையில் அந்த அழிப்பான். பச்சை விளக்கு மினுக் மினுக் என்று ஒழுங்காக, விசுவாசமாக மினுங்கிக்கொண்டிருந்தது.

"இது என்னது?"

காலையில்தான் அடிபட்டும் புத்தி வராத வாய் எனக்கு. அது திறந்து சொன்னது:

"அதுவா? கனெக்ஷன் இல்ல மக்கா."

பச்சை மினுங்கியது.

பெயின்ட் டப்பாவிலிருந்து செல்வதாஸின் குரல், மிக அவசரமாக: "இங்க ஒரு பார்ட்டி வந்து நிக்கி. பிறகு விளிக்கேன் கேட்டியா." போன் அணைந்தது. ஆபத்து என்றதும் வண்டியைத் தள்ளிக்கொண்டு புளியமரத்துக்குப் போய்விட்டான், என்னை மட்டும் கேரளத்தில் விட்டுவிட்டு.

ஜெசி கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன், அது எங்களுக்குத் தெரிந்த வழி. வீட்டுத் தமிழில், மூன்று வயதில் கொண்டுவந்த அந்தச் சின்னத் தமிழில், மெதுவாகக் கேட்டாள்:

"அங்க நீங்க போலீசுகிட்ட ஒளிப்பீங்க. மாமா கதை கதையா சொல்லியிருக்காரு. நான் சிரிச்சிருக்கேன். இங்க யாரு போலீசு? நானா?"

நான் டார்ச்சை அணைத்தேன். ஏன் அணைத்தேன் என்று தெரியாது. வெளிச்சம் இன்னும் மிச்சமிருந்தது. ஷெட் வாசலில் சாயங்காலம் அப்படியே கிடந்தது.

"பேடியாட்டு இருந்துது மக்கா," என்றேன்.

"அதைச் சொல்லியிருக்கலாம்ல?"

சொல்லியிருக்கலாம். எங்கள் வீட்டில் பேடி, அதாவது பயம், சொல்லப்படுவதில்லை. வயராக ஓடும், டேப் சுற்றி. என் அப்பா நான் விமானம் ஏறுகிற அன்று தலைவலி என்று வீட்டிலேயே படுத்துக்கொண்டார். அது தலைவலிதான் என்று பத்து வருடம் நம்பிக்கொண்டிருந்தேன்.

அவள் டிராக்கரைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, மறுபடி வண்டிக்குள் படுத்தாள். "டார்ச் பிடி," என்றாள். பிடித்தேன். அதற்குப் பிறகு அன்று எங்களுக்குள் பேச்சு, "கொஞ்சம் மேல", "கொஞ்சம் கீழ" மட்டும்தான்.

6

வெள்ளிக்கிழமை அவள் தனியாகத்தான் பரிசோதனைக்குப் போனாள். "நீ வரண்டாம்," என்றாள். நான் கிடங்கில் லாரிகளை எடை போட்டேன். ஒரு லாரியை இரண்டு முறை போட்டுவிட்டேன் என்று டிரைவர் வந்து சொன்னார். மூன்றே காலுக்கு மேபலிடமிருந்து ஒரு வரி வந்தது: பாஸ். எனக்கு வரவில்லை, மேபலுக்குத்தான் வந்திருக்கிறது. மேபல் அதை எனக்குத் தள்ளிவிட்டிருக்கிறாள். இந்த வீட்டில் நான் இன்னும் சார்ந்திருப்பவன்தான்.

சனிக்கிழமை. இவ்வளவு விளக்கு வைத்து, வெட்டி, ஒட்டி, மானம் போய், கடைசியில் அவள் கிளம்பியது காலை ஒன்பது மணிக்கு, சுள்ளென்ற வெயிலில். கங்காரு அந்தி சந்தியில்தான் சாடுமாம். விவரம் தெரிந்தவர்கள் பகலில் மட்டும் ஓட்டுவார்களாம். நாலு மணிக்கு எங்காவது தங்கிவிட்டு மறுநாள் வெயில் ஏறினதும் மீதி வழி. லைட்டே தேவைப்படாது. இதை முதலிலேயே யாராவது சொல்லியிருக்கலாம். சொன்னாளாம். நான் கேட்கவில்லையாம்.

மேபல் பின்சீட்டில் மீன் ஊறுகாயும் அரிசியும் முறுக்கு டின்னும் அடைத்தாள். மகள் போகிற ஊரில் சோறே கிடையாது என்பது அவளுடைய முடிவு. கட்டிப்பிடித்து அழுது, மூக்கைச் சிந்தி, "போனதும் விளிக்கணும்," என்று சொல்லிவிட்டு ஒதுங்கினாள். பயத்தைச் சொல்லத் தெரிந்தவள், சீக்கிரம் முடித்துவிட்டாள்.

நான் போய் ஓட்டுபவர் பக்க ஜன்னலில் கை வைத்தேன். டயரைப் பற்றிக் கேட்டேன். தண்ணீரைப் பற்றிக் கேட்டேன். ஃபியூஸ் கூடுதலாக ஒன்று இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கிறது, இருக்கிறது, இருக்கிறது. அப்போதுதான் உள்ளே பார்த்தேன். ஸ்டீயரிங்குக்குப் பக்கத்தில் கம்பெனிக்காரன் விட்டிருந்த இரண்டு வெற்று மூடிகளையும் கழற்றி, இரண்டிலும் ஒவ்வொரு சுவிட்ச் வைத்திருந்தாள். ஒன்றின் கீழே லைட் என்று ஆங்கிலத்தில்.

மற்றதின் கீழே வெள்ளைப் பிளாஸ்திரி. அதில் பேனாவால், சர்ச் ஹாலில் சனிக்கிழமைதோறும் அழுதுகொண்டே படித்த தமிழ் எழுத்தில்: அபபா. நடுவில் புள்ளி விட்டுப்போயிருந்தது. நான் திருத்தவில்லை.

"டிராக்கரா?"

"ஆமா. எப்பவும் ஓடாது. நான் போட்டாத்தான் ஓடும்."

"எப்பப் போடுவே?"

"டவர் உள்ள இடத்துல. எனக்குத் தோணும்போது."

"தோணாட்டி?"

அவள் வண்டியை எடுத்தாள். நான் ஜன்னலிலிருந்து கையை எடுக்க மறந்து கூடவே நாலடி நடந்தேன். கேட் தாண்டுமிடத்தில் பிரேக் போட்டாள். கையை நீட்டி, நான் பார்க்கும்படியாகவே, இரண்டாவது சுவிட்சை அழுத்தினாள். என் சட்டைப் பையில் போன் ஒருமுறை அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தேன். எங்கள் வீட்டு வாசலில், எனக்கு ஒரு முழ தூரத்தில், ஒரு நீலப் புள்ளி.

"பாத்தியா? கனெக்ஷன் உண்டு," என்றாள். சுவிட்சை அணைத்தாள். "கைய எடுப்பா, வாறேன்."